வேகம் எங்கே சிக்கியது?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. அது இருக்கும் வீட்டில் “நெட் ஏன் இவ்வளவு மந்தம்?” என்ற புலம்பல் எழாத நாளும் அரிது. அப்படிப் புலம்பும்போது நாம் முதலில் செய்வது என்ன? யார்மேலாவது பழியைப் போடுகிறோம். இணைப்புத் தந்த நிறுவனத்தைத் திட்டுகிறோம். விளையாடிக்கொண்டிருக்கும் தம்பியைத் திட்டுகிறோம். எங்கள் வீட்டில் அந்தப் பழி என் ஆச்சியின் தலையில் விழுந்தது. போட்டவள் வேறு யாருமல்லள், நானேதான்.

என் தந்தை புகைப்பட நிலையம் நடத்துகிறார்கள். எங்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. திருமணம், காதுகுத்து, புதுநன்மை என்று எடுக்கும் படங்களையெல்லாம் அங்குள்ள கணிப்பொறியில் இறக்குவார்கள். மாடியில் என் அண்ணன் வேறொரு கணிப்பொறியில் அப்படங்களைத் திருத்தி ஆல்பமாக அமைப்பார். அவ்விரண்டையும் இணைப்பவை லேன் கேபிள்கள். மாடிப்படி ஏறி முடியும் இடத்தில் சுவரில் ஒரு சிறிய பெட்டி உண்டு. அதற்குச் சுவிட்ச் என்று பெயர். சுவிட்ச் என்றவுடன் விளக்குப் போடும் பொத்தானை எண்ணிவிடாதீர்கள்! பல கேபிள்கள் வந்து கூடும் ரயில் சந்திப்பு போன்றது அது. வருகின்ற செய்தி எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று பார்த்து, அந்தக் கேபிளில் மட்டும் அனுப்பி வைக்கும். இணையத்தைக் கொண்டுவரும் ரூட்டர் கீழே கூடத்தில் இருக்கிறது. அதன் வைஃபையை நம்பி எங்கள் வீட்டில் நான்கு கைப்பேசிகள் வாழ்கின்றன.

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் சுவிட்ச் உயிரை விட்டிருந்தது. ஸ்டூடியோ கணிப்பொறியின் நெட்வொர்க் கார்டும் அதோடு போய்விட்டது. பழைய சுவிட்ச் வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் உடையது. அப்பா அதற்குப் பதிலாக 1000 மெகாபிட் சுவிட்ச் வாங்கினார்கள். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து கணிப்பொறியில் புதிய கார்டு பொருத்திவிட்டுப் போனார். பத்து மடங்கு வேகம் வரப் போகிறது என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி.

வந்ததோ நேர்மாறு! ஒரு திருமணத்தின் படங்கள் ஏறத்தாழ 40 ஜிகாபைட் இருக்கும். முன்பு அவை மாடிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். புதிய சுவிட்ச் வந்த பிறகு திரையில் காட்டிய நேரம் 28 மணி! வினாடிக்கு 0.4 மெகாபைட் என்ற அளவில் ஊர்ந்தது. அண்ணன் வேறு வழியின்றிப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு படியேறலானார். ஒருநாள் அவசரத்தில் அதைப் பாதியிலேயே பிடுங்கிவிட்டார். முகூர்த்தப் படங்களில் பாதி திறக்கவே இல்லை. காமிராவின் கார்டை அப்பா அதற்குள் அழித்திருந்தால் அந்தக் குடும்பத்தாருக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்? நல்ல வேளையாக அழிக்கவில்லை. ஆனாலும் அன்றிரவு அப்பாவும் அண்ணனும் ஒருவரோடொருவர் பேசாமல் சாப்பிட்டார்கள்.

இந்நிலையில்தான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். “ஒரே ஒரு பழைய கருவி இருந்தால் போதும், வலைப்பின்னல் முழுவதும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும்” என்று எங்கோ அரைகுறையாகப் படித்திருந்தேன். வீட்டில் மிகப் பழைய கருவி எது? ஆச்சியின் கைப்பேசி. அத்தை தாம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது அது. அத்தை சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நாள்தோறும் இரவு எட்டரைக்கு ஆச்சி அதில் அத்தையையும் பேரனையும் முகம் பார்த்துப் பேசுவார்கள். “ஆச்சி போனால்தான் எல்லாம் மந்தம்” என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆச்சி என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, என் போனை அன்னைக்கே அமத்தி உள்ள வச்சிட்டேன். இப்ப அப்பா வேலை ஓடுதுலா?” என்று கேட்டார்கள்.

ஓடவில்லை. படங்கள் அதே 0.4 மெகாபைட்டில்தான் ஊர்ந்துகொண்டிருந்தன. எனக்கோ அதை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்துச் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. “உன் அப்பாவின் படம் கீழிருந்து மாடிக்குப் போகும்போது எந்தெந்தப் பொருள்களைத் தொட்டுக்கொண்டு போகிறது? வரிசையாக எழுதிக்கொண்டு வா” என்றார்கள். எழுதினேன். கீழ்க் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு, நீளக் கேபிள், சுவிட்ச், சிறிய கேபிள், மாடிக் கணிப்பொறியின் கார்டு, அதன் டிஸ்க். ஏழே பொருள்கள். எழுதி முடித்தபின்தான் எனக்கு உறைத்தது. அந்த வரிசையில் ஆச்சியின் கைப்பேசி இல்லை! ரூட்டர் கூட இல்லை, இணையமும் இல்லை. படம் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. அப்பாவோ இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து, மாதம் கூடுதலாகப் பணம் கட்டி 300 மெகாபிட் திட்டத்துக்கு மாற இருந்தார்கள். மாறியிருந்தால் பணம் போயிருக்கும், மந்தம் அப்படியே இருந்திருக்கும். கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே குழாய் அடைத்திருக்க, தெருக்குழாயைப் பெரிதாக்கி என்ன பயன்?

இங்கே பிட் என்பதற்கும் பைட் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். இதில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். கேபிளின் வேகத்தையும் இணையத் திட்டத்தையும் பிட்டில் சொல்வார்கள். கோப்புகளைப் படியெடுக்கும்போது கணிப்பொறி பைட்டில் காட்டும். ஆகவே 100 மெகாபிட் கேபிளில் 12.5 மெகாபைட்டுக்கு மேல் வர வழியில்லை. உறையில் முகவரி எழுதுவது போல ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதும் செய்திகளுக்கு இடம் போக, கைக்கு வருவது 11 மெகாபைட் அளவே. “100க்குப் பணம் கட்டினேன், 11தான் வருகிறது” என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வருவது சரியான வேகமேதான்!

அடுத்து, ஒரே வீட்டில் பல வேகங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். கேபிள் வழியாகக் கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கினார்கள். அதன் முதல் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். 1983இல் 10 மெகாபிட்டுக்கு உலகத் தரம் வகுக்கப்பட்டது. 1995இல் 100 வந்தது. 1999இல் சாதாரணச் செம்புக் கேபிளிலேயே 1000 வந்தது. புதியது வந்தபோது பழையதைத் தூக்கி எறியச் சொல்லாததுதான் இம்முறையின் சிறப்பு. எட்டுக் கால் உடைய அதே சொருகியில் புதிய கருவியும் பொருந்தும், பழைய கருவியும் பொருந்தும். கேபிளைச் சொருகியவுடன் இரு முனையிலும் உள்ள கருவிகள் சிறு மின்துடிப்புகளால், “எனக்கு 1000 தெரியும், 100 தெரியும், 10 தெரியும், உனக்கு?” என்று கேட்டுக்கொள்ளும். இருவருக்கும் பொதுவான மிக உயர்ந்த வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். இதற்கு ஆட்டோ நெகோஷியேஷன் என்று பெயர். இந்த உரையாடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் குற்றவாளி இங்கேதான் ஒளிந்திருந்தது.

நான் அரைகுறையாகப் படித்தது முழுப் பொய்யுமன்று. முற்காலத்தில் சுவிட்சுக்குப் பதிலாக ஹப் என்ற பெட்டி இருந்தது. அது வருகின்ற எல்லாவற்றையும் எல்லாக் கேபிள்களிலும் உரக்கக் கத்தும். அதில் இணைந்தவர்கள் எல்லாரும் ஒரே வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்ச் அப்படியன்று. ஒவ்வொரு துளையிலும் தனித்தனி வேகம் வைத்துக்கொள்ளும். ஒன்றில் 100 இருப்பதால் பக்கத்தில் உள்ள 1000 குறைவதில்லை. வேகமானவர் மெதுவானவருக்கே அனுப்பும்போதுதான் மெதுவானவரின் வேகம் செல்லும். சுவிட்சின் சிறிய நினைவில் இடம் நிரம்பிவிட்டால் சில பொட்டலங்கள் கீழே விழும். அனுப்புகிறவர் அதை அறிந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அவ்வளவே.

சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றும் முன்னும் பின்னும் அளந்து குறிப்பேட்டில் எழுது. அளப்பதற்கு ஐபெர்ஃப் என்னும் இலவச மென்பொருளையும் காட்டினார்கள். இரு கணிப்பொறிகளிலும் அதை இயக்கினால், டிஸ்க்கைத் தொடாமல் கேபிள் வழியின் வேகத்தை மட்டும் அளந்து சொல்லும். 1000 மெகாபிட் வழி நன்றாக இருந்தால் ஏறத்தாழ 940 காட்டும். 100 வழியானால் 94.

சனிக்கிழமை காலை தொடங்கினோம். முதலில் ரூட்டரை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் படியெடுத்துப் பார்த்தேன். மாற்றமில்லை. இணையமும் வைஃபையும் குற்றமற்றவை என்று எழுதிக்கொண்டேன். அதன்பின் பிங் செய்தேன். பிங் என்பது “இருக்கிறாயா?” என்று ஒரு கணிப்பொறி கேட்க, “இருக்கிறேன்” என்று மற்றது சொல்லும் சிறு சோதனை. நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் உடனே பதில் வந்தது. ஒன்றும் தொலையவில்லை. இதுதான் எங்களை நெடுநேரம் ஏமாற்றியது. பிங் நன்றாக இருந்தால் வழி நன்றாக இருக்கிறது என்று அண்ணன் உறுதியாகச் சொன்னார். ஐபெர்ஃப் ஓட்டினோம். 3 மெகாபிட், 5 மெகாபிட், 2 மெகாபிட் என்று நொண்டியது.

பிறகு அண்ணனின் மடிக்கணினியைக் கேபிளால் சுவிட்சில் இணைத்து மாடிக் கணிப்பொறியோடு அளந்தோம். 941! ஆக, சுவிட்சும் மாடியும் நலம். எல்லாரும் சந்தேகப்பட்ட புதிய சுவிட்ச் இப்படி விடுதலையானது. ஆயினும் மனம் கேளாமல் ஸ்டூடியோ கேபிளைச் சுவிட்சின் வேறு துளைக்கு மாற்றிப் பார்த்தோம். பயனில்லை. இந்த இடத்தில் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் ஒரே கேபிளின் இரு முனைகளையும் சுவிட்சிலேயே சொருகிவிட்டேன். விளக்குகள் எல்லாம் பேய் பிடித்தது போல மின்னின. வீட்டில் ஒன்றும் இயங்கவில்லை. எல்லாருக்குமென்று அனுப்பப்படும் செய்தி அந்த வளையத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெருகிவிடுகிறதாம். இதைத் தடுக்கும் வழியை 1985ஆம் ஆண்டில் கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி! டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற நிறுவனத்தில் பணியாற்றியபோது அவர் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை, வளையம் இருப்பதைச் சுவிட்சுகளே கண்டுகொண்டு ஒரு பாதையை மூடிவைக்கச் செய்கிறது. பெரிய அலுவலகச் சுவிட்சுகளில் அது உண்டு. விலை குறைந்த வீட்டுச் சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில் இல்லை. நம்மைப் போன்ற ஒரு பெண்ணின் மூளையில் உதித்த முறை எங்கள் வீட்டுச் சுவிட்சிலும் இருந்திருந்தால் அண்ணனிடம் வாங்கிய குட்டு எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இனி எஞ்சியவை ஸ்டூடியோ கணிப்பொறியும் அதன் கேபிளும். கணிப்பொறியில் நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘ஆட்டோ’ என்றிருக்க வேண்டிய இடத்தில், ‘100 ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று இருந்தது. கார்டு பொருத்தியவர் கையால் அப்படி மாற்றி வைத்திருக்கிறார்.

டூப்ளெக்ஸ் என்றால் என்ன? நம் வகுப்பறையில் ஒருத்தி எழுந்து பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். இருவர் சேர்ந்து பேசினால் இருவரும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இது ஹாஃப் டூப்ளெக்ஸ். என் ஆச்சியும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் மதிலுக்கு இருபுறம் நின்று ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒன்றுவிடாமல் விளங்கும். இது ஃபுல் டூப்ளெக்ஸ்! போவதற்கு ஒரு வழியும் வருவதற்கு ஒரு வழியும் தனித்தனியே இருப்பதால் கேபிளில் இது எளிதாக முடிகிறது.

ஒரு முனையில் கையால் 100 ஃபுல் என்று பூட்டிவிட்டால், அந்தக் கார்டு அறிமுக உரையாடலில் கலந்துகொள்வதில்லை. மறுமுனையில் உள்ள சுவிட்ச் கேள்வி கேட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை. வருகின்ற மின்குறியைக் கொண்டு வேகம் 100 என்பதை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடிகிறது. டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. விதிப்படி அது ஹாஃப் என்றே எடுத்துக்கொள்கிறது. இப்போது ஒரு முனை வகுப்பறை, மறுமுனை மதிற்சுவர்! கணிப்பொறி தயங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறது. சுவிட்ச் பேசத் தொடங்கும்போது எதிர்ப்பேச்சு காதில் விழ, “ஐயோ, மோதல்” என்று பாதியில் நிறுத்திவிடுகிறது. பொட்டலங்கள் அறுபட்டுச் சிதைகின்றன. பிங் போன்ற சிறு பேச்சில் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பது அபூர்வம். ஆகவே அது தப்பித்துவிடுகிறது. 40 ஜிகாபைட் போகும்போதோ ஓயாமல் மோதல்.

தொலைந்ததை மறுபடி அனுப்பினால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் ஏறத்தாழ 400 கஜத் தொலைவிலிருந்த பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே வலைப்பின்னலின் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாக விழுந்தது. வழி நெரிசலாக இருக்க, எல்லாரும் தொலைந்ததை மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கியதே காரணம். வான் ஜேக்கப்சன் என்பவர் இதை ஆராய்ந்தார். பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று கொண்டு வேகத்தைக் குறை, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டு என்ற முறையை 1988இல் வெளியிட்டார். இணையத்தைக் காப்பாற்றிய முறை அது. ஆனால் எங்கள் வீட்டில் தொலைந்ததற்குக் காரணம் நெரிசலன்று, கருத்து வேறுபாடு! கணிப்பொறிக்கு அது தெரியாதே. பாவம், பணிவோடு வேகத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறது.

பழுது பார்த்தவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சிஸ்டர் சொன்ன பின் தணிந்தேன். 1990களில் வந்த சில கருவிகளுக்கு இந்த அறிமுக உரையாடல் சரியாக வராதாம். அக்காலத்தில் தொழில் கற்றவர்கள் இரு முனைகளையும் கையால் பூட்டி வைப்பார்கள், அது நியாயமே. இரு முனைகளையும் பூட்டினால் தவறில்லை, ஒரு முனையை மட்டும் பூட்டுவதுதான் தவறு. வீட்டுச் சுவிட்சைப் பூட்டவோ வழியே கிடையாது. தவிரவும் செம்புக் கேபிளில் 1000 வேகத்துக்கு இந்த உரையாடல் கட்டாயம்.

‘ஆட்டோ’ என்று மாற்றினேன். ஐபெர்ஃப் 94 காட்டியது. அண்ணன் கைதட்டினார். அப்பா பழையபடி ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்று நிம்மதியானார்கள். நானும் அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் கார்டு 1000, சுவிட்ச் 1000. நடுவில் ஏன் 94?

கேபிளின் உள்ளே எட்டுக் கம்பிகள் உள்ளன. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 வேகத்துக்கு இரண்டு இணைகளே போதும். வழக்கமாக அவை ஆரஞ்சும் பச்சையும். 1000 வேகத்துக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலான கருவிகள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சுவிட்ச் 100ஆக இருந்த காலத்தில் இந்தக் குறை இருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது!

எங்கள் நீளக் கேபிள் படியோரமாக ஓடுவது. அதைப் பிடுங்கிப் பார்ப்பது எளிதன்று. சிஸ்டர் 3 மீட்டரில் நல்ல கேபிள் ஒன்று கடன் கொடுத்திருந்தார்கள். ஆகவே கேபிளை விட்டுவிட்டுக் கணிப்பொறியையே மாடிக்குத் தூக்கினோம். அம்மா, “இதென்ன சப்பரமா?” என்று கேட்டார்கள். சுவிட்சின் அருகில் வைத்துச் சிறிய கேபிளில் இணைத்ததும் 940 காட்டியது. குற்றவாளி நீளக் கேபிள்தான் என்று தெளிவாயிற்று. படிக்கட்டின் கீழ்க் கதவு மூடும் இடத்தில் அது நசுங்கியிருந்தது. அவ்விடத்தில் உறையைக் கீறிப் பார்த்தால் பழுப்புக் கம்பி அறுந்து கிடந்தது. புதிய கேபிளுக்கும் சொருகிகளுக்கும் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. கதவுக்கு மேலாகச் சுற்றி அடித்தோம்.

இப்போது 40 ஜிகாபைட் ஆறு நிமிடத்தில் போக வேண்டும். போனதோ 12 நிமிடத்தில். வினாடிக்கு 55 மெகாபைட் அளவில் நின்றுவிட்டது. மறுபடி குறிப்பேட்டைத் திறந்தேன். வழி 940 காட்டுகிறது. ஆகவே சிக்கல் வழியிலன்று. கீழ்க் கணிப்பொறியின் பழைய ஹார்டு டிஸ்க்கினால் அதற்குமேல் படிக்க முடியவில்லை. ஓர் இடத்தின் நெருக்கடியை நீக்கினால் அடுத்த குறுகிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது. 28 மணி 12 நிமிடமானதே போதும் என்று அப்பா சொல்லிவிட்டார்கள். டிஸ்க்கை மாற்றவில்லை.

மிச்சமிருந்தது ஆச்சியின் கைப்பேசி. வைஃபை கேபிளைப் போன்றதன்று. காற்று எல்லாருக்கும் பொது. நம் தெருக்குழாயை எண்ணிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்துப் பிடிக்கிறோம். அகன்ற வாய்க் குடம் சட்டென்று நிறையும். குறுகிய கழுத்துக் குடத்துக்குக் குழாயைச் சிறிதாகத் திறந்து பிடிக்க வேண்டும். அதுவரை பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டும். தொலைவில் இருந்து மெதுவாகப் பேசும் கைப்பேசி காற்றை அப்படித்தான் நெடுநேரம் பிடித்துக்கொள்கிறது. நான் படித்ததில் உண்மை இருந்தது இந்த ஓர் இடத்தில்தான். ஆனால் முகம் பார்த்துப் பேசுவதற்கு ஒன்றிரண்டு மெகாபிட் போதும். அதுவும் ஆச்சிக்குக் கிடைக்காததற்குக் காரணம் கைப்பேசியின் வயதன்று. ரூட்டரை நாங்கள் கூடத்து இரும்புப் பீரோவின் பின்னால் வைத்திருந்தோம்! உலோகம் வானொலி அலைகளை மறைக்கும். ஆச்சியின் அறை பீரோவுக்கு நேர் பின்னால்.

ரூட்டரை எடுத்துச் சுவர்த் தட்டில் உயரமாக வைத்தோம். எங்கள் கைப்பேசிகளை 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாற்றினோம். அந்த அலை வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் சற்றுச் சோனி. ஆச்சியின் கைப்பேசிக்குத் தெரிந்த 2.4 கிகாஹெர்ட்ஸை அதற்கே விட்டோம். இப்போது அகன்ற குடத்துக்கு ஒரு குழாய், குறுகிய குடத்துக்கு ஒரு குழாய். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4ஐ ஒட்டித்தான் இயங்குகிறது. எட்டரை மணிக்கு அதைப் போடாதிருக்க அம்மா ஒப்புக்கொண்டார்கள்.

ஆச்சியிடம் போய், “உங்க போன் மேல குத்தமே இல்ல ஆச்சி. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்” என்றேன். “அப்ப ஒம்பது நாளு சும்மாவா இருந்தேன்?” என்று மட்டும் கேட்டார்கள். பிறகு பெட்டியைத் திறந்து, சேலை மடிப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தார்கள். சார்ஜ் தீர்ந்து போயிருந்தது. அது ஏறும் வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு பேரனுக்கு விழுந்த பல்லை ஆச்சி திரையில் தெளிவாகப் பார்த்தார்கள்.

பழைய கேபிளை எறியப் போனபோது ஆச்சி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பின்கட்டில் அவரைப் பந்தலைத் தாங்கி நிற்பது இப்போது அதுதான்.